வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது: தெர்மாமீட்டர் வாங்குவதிலிருந்து டாக்டரிடம் சொல்வது வரை

குழந்தைக்குக் காய்ச்சல் என்று போய் உட்கார்ந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு இருந்தது?" என் மகனுக்கு எட்டாவது மாதத்தில் முதல் காய்ச்சல் வந்தபோது நான் சொன்ன பதில், "நல்லா சுட்டுது டாக்டர்." அவர் விடவில்லை. "எத்தனை மணிக்கு? எங்கே வெச்சுப் பார்த்தீங்க?" பதில் வராது என்று தெரிந்ததும் தன் மேசையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்தார். கிளம்பும் அவசரத்தில் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அதனால் அங்கே 99தான் காட்டியது. ராத்திரி முழுக்கக் கொதித்த பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

எவ்வளவு, எப்போது, எங்கே வைத்து. இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் வீட்டுத் தெர்மாமீட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சாதாரணக் கருவி ஒன்று, அதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பயன்படுத்தும் பழக்கம், இவ்வளவு போதும்.

கை வைத்துப் பார்த்தால் போதாதா?

என் மாமியார் பேரனின் கழுத்தடியில் புறங்கையை வைத்துவிட்டு "இல்லை, இது சூடு பிடிச்ச உடம்பு, காய்ச்சல் இல்லை" என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காய்ச்சல் இல்லை என்பதைக் கை ஓரளவு நன்றாகச் சொல்லும். "இருக்கிறது" என்று சொல்லும்போதுதான் ஏமாற்றும். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு தொட்டால் எந்தக் குழந்தையும் கொதிக்கத்தான் செய்யும். நமக்கே காய்ச்சல் இருந்தால் பிள்ளையின் சூடு தெரியாது. அதைவிட, கையால் 100க்கும் 103க்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க முடியாது. நேற்றையதைவிட இன்று ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதும் தெரியாது. அதனால் கை சந்தேகப்படட்டும், தெர்மாமீட்டர் முடிவு சொல்லட்டும்.

"உள்காய்ச்சல்" என்று ஒன்றைச் சொல்வார்கள்: தெர்மாமீட்டரில் காட்டாது, ஆனால் உள்ளே இருக்கிறது என்று. பாதி நேரம் தெர்மாமீட்டரைச் சரியாக வைக்காததால் வரும் உள்காய்ச்சல் அது. மீதி நேரம் காய்ச்சல் ஏறத் தொடங்கும் கட்டம். அப்போது கை கால் சில்லென்று இருக்கும், பிள்ளை நடுங்கும், ஆனால் வயிறும் முதுகும் சுடும். அரை மணி கழித்து மறுபடி பார்த்தால் உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கும்.

எதை வாங்குவது

சுருக்கமாக: மருந்துக்கடையில் நூறு ரூபாயிலிருந்து முந்நூறுக்குள் கிடைக்கும் குச்சி மாதிரியான டிஜிட்டல் தெர்மாமீட்டர். முதலில் வாங்க வேண்டியது அதுதான். அதன் நுனியில், சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சின்னப் பொருள் ஒன்று இருக்கிறது. தோலின் சூடு நுனிக்கு வந்து, எண் ஏறுவது நின்றதும் பீப் அடிக்கும். உடம்பில் நேரடியாகப் படுவதால் காற்று, வெளிச்சம், தூரம் என்று குழப்பம் குறைவு.

கடையில் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, உரிம எண், அதிகபட்ச விலை எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். துல்லியம் என்ற இடத்தில் கூட்டல் கழித்தல் 0.1 டிகிரி செல்சியஸ் அல்லது 0.2 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருந்தால் நல்லது. அப்புறம் இரண்டு விஷயம் கேளுங்கள். நுனி வளையுமா? சிறு குழந்தைக்கு ரப்பர் மாதிரி வளைகிற நுனிதான் வசதி, திமிறினாலும் குத்தாது. தண்ணீர் படலாமா? படலாம் என்றால் கழுவுவது எளிது. "பத்தே விநாடி" என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் வாய்க்குள் வைக்கும்போது கிடைப்பது. சில கருவிகள் சூடு ஏறும் வேகத்தைப் பார்த்து, எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அக்குளில் வைத்தால் எப்படியும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

நெற்றிக்கு நேரே நீட்டும் "துப்பாக்கி" கொரோனா காலத்தில் எல்லா வாசலிலும் நின்றது. வீட்டுக்கும் நிறையப் பேர் வாங்கினோம். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பார்க்கலாம் என்பதுதான் அதன் ஒரே பெரிய வசதி. ஆனால் அது அளப்பது தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, அதிலிருந்து உடம்பு வெப்பத்தைக் கணக்கிடுகிறது. தோலுக்கு என்ன நேர்ந்தாலும் கணக்கு மாறும். இரண்டாவது கருவியாக இருக்கட்டும், முதலாவதாக வேண்டாம்.

காதில் வைக்கும் தெர்மாமீட்டர் சரியாக வைத்தால் நம்பகமானது, ஆனால் விலை அதிகம். ஆறு மாதத்துக்குக் கீழே காதுத் துவாரம் மிகச் சின்னது என்பதால் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நெற்றியில் ஒட்டும் பட்டை, சூப்பான் வடிவத் தெர்மாமீட்டர் இரண்டையும் பார்த்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பாதரசத் தெர்மாமீட்டர் பீரோவில் இருந்தால் அதைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். அது தப்பாகக் காட்டும் என்பதற்காக அல்ல, உடைந்தால் வரும் வினைக்காக. ஜப்பானில் ஆலைக் கழிவில் வந்த பாதரசத்தால் மக்கள் பாதிக்கப்பட்ட ஊரின் பெயரில் 2013இல் மினமாட்டா ஒப்பந்தம் உருவானது. பாதரசம் உள்ள தெர்மாமீட்டர்களைப் படிப்படியாக விலக்குவது அதன் ஒரு பகுதி. உடைந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காய்ச்சல் இல்லாத நாளில் ஒரு ஒத்திகை

யாரும் செய்யாத, ஆனால் மிகவும் உதவுகிற வேலை இது. பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று நாட்களில், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அக்குளில் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். உடம்பின் வெப்பம் விடியற்காலையில் குறைந்தும் சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு மணிவாக்கில் கூடியும் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேறுபடும். என் மகனுக்குச் சாதாரணமாகவே சாயங்காலம் 98.4 வரும். இது தெரிந்த பிறகு மாலையில் 98.8 என்று காட்டும்போது நான் பதறுவதில்லை.

அந்த ஒத்திகையிலேயே கருவியின் குணமும் தெரிந்துவிடும். ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு மாறிவிட்டால் எப்படித் திருப்புவது என்று பாருங்கள். பெரும்பாலான குச்சிகளில் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மாறும். ராத்திரி இரண்டு மணிக்கு 38.9 என்று பார்த்துவிட்டு "காய்ச்சலே இல்லையே" என்று நிம்மதியாகப் படுத்தவர்கள் உண்டு. 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. இந்த நாலு வரியை எழுதித் தெர்மாமீட்டர் டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் இனி வெறும் டிகிரி என்றால் ஃபாரன்ஹீட்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று ஐஸ் தண்ணீரில் விட்டுச் சோதிக்க வேண்டாம். உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே அளக்கும்படி செய்த கருவி அது. 32 செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலும் "லோ" என்றுதான் காட்டும். சந்தேகம் இருந்தால் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு இரண்டு தெர்மாமீட்டரால் அடுத்தடுத்து, ஒரே அக்குளில் பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துகொண்டே இருந்தால் இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டியதுதான்.

அக்குளில் பார்க்கும் முறை

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு, ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஆசனவாயிலும் வாயிலும் வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்கிறது. பச்சைக் குழந்தைக்கு அது சொல்வது அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அமெரிக்காவிலோ மூன்று மாதத்துக்குக் கீழே ஆசனவாயில் பார்ப்பதே துல்லியம் என்பார்கள். நம் ஊர் வீடுகளில் நடப்பது அக்குள்தான். பழகாத கையால் ஆசனவாயில் வைப்பதைவிட அக்குளில் ஒழுங்காக வைப்பது மேல் என்பது என் கட்சி. டாக்டரோ நர்ஸோ செய்துகாட்டி, செய்யச் சொன்னால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

1. குளித்திருந்தாலோ, ஓடி விளையாடியிருந்தாலோ, போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாலோ பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். அழுது அடம்பிடித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே.

2. சட்டையைக் கழற்றுங்கள், அல்லது ஒரு கையையாவது வெளியே எடுங்கள். துணிக்கு மேலே நுனி பட்டால் துணியின் சூட்டைத்தான் அளக்கும். அக்குளில் வியர்வை இருந்தால் துண்டால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் அதிலேயே சூடு ஏறும். பவுடர் போட்டிருந்தால் துடைத்துவிடுங்கள்.

3. கருவியை ஆன் செய்து, திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

4. நுனி, அக்குள் குழியின் நடுவில், தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். பெரும்பாலான தப்பு இங்கேதான். குச்சியை முன்பக்கத்திலிருந்து நேராகச் செருகினால் நுனி பின்பக்கமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சற்றுக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்வாக வைத்தால் குழிக்குள் போய் நிற்கும்.

5. கையை இறக்கி, முழங்கையை விலாவோடு சேர்த்து மென்மையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையை மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, அந்தக் கை உங்கள் மார்போடு ஒட்டியிருக்கும்படி அணைத்துக்கொண்டால் பிடிப்பதாகவே அதற்குத் தெரியாது. பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்க்கலாம், ஆனால் உங்கள் உடம்போடு ஒட்டாத பக்கத்து அக்குளில் வையுங்கள்.

6. பீப் வரும்வரை அசைய விடாதீர்கள். பீப் வந்தபிறகும் எண் மெல்ல ஏறிக்கொண்டிருப்பதைச் சில கருவிகளில் பார்க்கலாம். அக்குளுக்கு எத்தனை நிமிடம் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மாறும். அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

7. எண்ணைப் பார்த்ததும் எழுதுங்கள். அப்புறம் எழுதலாம் என்பது எழுதாததற்குச் சமம்.

அதிக எண்ணாக வரட்டும் என்று மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி வைக்க வேண்டாம். நம்ப முடியாத எண் வந்தால் சில நிமிடம் விட்டு, அதே அக்குளில் இன்னொரு முறை. அவ்வளவே.

நாலைந்து வயதுக்கு மேல், நாக்குக்கு அடியில் வைத்து வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிடத் தெரிந்த பிள்ளைக்கு வாயில் பார்க்கலாம். பாலோ ஐஸ்கிரீமோ சாப்பிட்டிருந்தால் கால் மணியிலிருந்து அரை மணி பொறுக்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் வேண்டாம். காதுத் தெர்மாமீட்டர் என்றால், காது மடலை மெல்ல இழுத்துத் துவாரத்தை நேராக்கிவிட்டு வைக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் பின்னாலும் மேலாகவும், அதற்குக் கீழே நேராகப் பின்னால். கிடந்து தூங்கிய பக்கத்துக் காது சூடாக இருக்கும், அதைத் தவிருங்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு

ஒரு மத்தியானம் என் மகன் துவண்டு படுத்திருந்தான். துப்பாக்கி 97.2 என்றது. மறுபடியும் 96.8. தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில், நெற்றியெல்லாம் வியர்வை, போதாததற்கு ஈரத்துணி போட்டு எடுத்த இடம். சந்தேகத்தில் அக்குளில் குச்சியை வைத்தால் 102.1. கருவி பொய் சொல்லவில்லை. அது பார்த்த தோல் உண்மையிலேயே குளிர்ந்துதான் இருந்தது.

ஆகவே நெற்றியைத் துடைத்துக் காய விடுங்கள். திருநீறு, சந்தனம், சாந்துப்பொட்டு எது இருந்தாலும் அகற்றிவிடுங்கள், அல்லது படாத இடத்தில் பாருங்கள். முடி மறைக்கக்கூடாது. வெயிலில் நின்றுவிட்டு வந்தாலோ, ஏசி அறையிலிருந்து வெளியே வந்தாலோ கால் மணி நேரமாவது போகட்டும். கருவியும் குழந்தையும் ஒரே அறையில் கொஞ்ச நேரம் இருந்திருக்க வேண்டும். தூரம் கருவிக்குக் கருவி மாறும். சிலது ஒட்டி வைக்க வேண்டும், பலவற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு மூன்று விரல் அகலம். ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பொருள் வெப்பம், உடல் வெப்பம் என்று இரண்டு நிலை பல துப்பாக்கிகளில் உண்டு. பால்புட்டியின் சூட்டைப் பார்க்க மாற்றிவிட்டு மறந்துபோனால் பிள்ளைக்கு 93 காட்டும். அதேபோல் அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுவீட்டு அறை 40 செல்சியஸைத் தொட்டால் பல கருவிகள் அதற்கு மேல் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருக்காது. துப்பாக்கியில் அதிகமாக வந்தாலும், குறைவாக வந்து பிள்ளை துவண்டிருந்தாலும் அக்குளில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எந்த எண்ணுக்கு என்ன

98.6 என்ற எண்ணை நமக்குத் தந்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ். 1868இல் வெளிவந்த அவருடைய நூல் ஏறக்குறைய 25,000 நோயாளிகளிடம் எடுத்த அளவுகளை வைத்து எழுதப்பட்டது. அவர் கையிலிருந்த தெர்மாமீட்டர் கிட்டத்தட்ட ஓரடி நீளம். அக்குளில் வைத்துக் கால் மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு அதைச் செய்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது! ஆறு அங்குலத்தில், ஐந்து நிமிடத்தில் காட்டும் கருவியை அதே 1860களில் இங்கிலாந்தின் தாமஸ் ஆல்பட் உருவாக்கினார். 98.6 என்பது சராசரிதான், அதற்கு மேலே ஒரு புள்ளி போனால் காய்ச்சல் என்று பொருளல்ல.

உடம்புக்குள் 100.4, அதாவது 38 செல்சியஸ் எட்டினால் காய்ச்சல் என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் கோடு. அக்குள் அதைவிட அரையிலிருந்து ஒரு டிகிரி குறைவாகக் காட்டும். அதனால் அக்குளில் 99.5 தாண்டினாலே கவனிக்க ஆரம்பிக்கலாம். அந்த ஒரு டிகிரியை நீங்களே கூட்டிச் சொல்லாதீர்கள். நீங்கள் ஒன்று கூட்டி, டாக்டர் ஒன்று கூட்டினால் 100 இருந்த பிள்ளைக்கு 102 ஆகிவிடும். "அக்குளில் 100.6" என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் கணக்கே வேறு. கனமான துணி சுற்றியிருந்தால் விலக்கிவிட்டுக் கால் மணியில் மறுபடி பாருங்கள். 99.5க்கு மேலேயே நின்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 100.4 என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிதான். வீட்டில் மருந்து கொடுத்து விடியட்டும் என்று இருக்கக்கூடாது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் அப்படியே. ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பிறகு வரும் காய்ச்சலில்தான் எல்லோரும் குழம்புவார்கள். ஊசி போட்ட இடத்திலேயே, எவ்வளவு வரை எதிர்பார்க்கலாம், எந்த மருந்து, எத்தனை சொட்டு, எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

பச்சைக் குழந்தைக்கு எண் குறைவதும் ஆபத்து. 97.7க்குக் கீழே, அதாவது 36.5 செல்சியஸுக்குக் கீழே போனால் தாயின் மார்போடு தோல் ஒட்ட அணைத்து, மேலே போர்த்தி, சீக்கிரம் மறுபடி பாருங்கள். ஏறவில்லை, பால் குடிக்கவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வராமல் உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு.

மூன்று மாதத்துக்கு மேலே போகப் போக, எண்ணைவிடப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். 102 இருந்தும் தண்ணீர் குடித்து, மருந்து வேலை செய்ததும் எழுந்து விளையாடுகிற குழந்தையைவிட, 100 மட்டுமே இருந்து கண் திறக்காமல் கிடக்கும் குழந்தைக்குத்தான் அவசரம். மூச்சு வாங்குவது, எட்டு மணி நேரத்துக்குச் சிறுநீர் போகாதது, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், ஓயாத வாந்தி, 104ஐத் தொடும் காய்ச்சல் ஆகியவை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

மழைக்காலத்தில் டெங்கு சுற்றும்போது தெர்மாமீட்டரே நம்மை ஏமாற்றும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிடும், 98 காட்டும், வீடே பெருமூச்சு விடும். டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் தொடங்குவது அந்த நேரத்தில்தான். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், சில்லிட்ட கை கால், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் எது தெரிந்தாலும் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள்.

மருந்தும் ஈரத்துணியும்

பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பாருங்கள். கொடுத்த பத்தாவது நிமிடத்தில் பார்ப்பதில் பயனில்லை. வேலை செய்யவே அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும், முழுப் பலன் தெரிய அதற்கும் மேலே. அப்போதும் 103 இருந்தது 101க்கு வந்தால் மருந்து கேட்டிருக்கிறது என்றே அர்த்தம். 98.6 ஆக வேண்டும் என்று அடுத்த வேளை மருந்தை முன்னால் இழுக்காதீர்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், அதுவும் டாக்டர் ஆறு மணி என்று சொல்லியிருந்தால் ஆறுதான்.

அளவு வயதுக்கல்ல, எடைக்கு. கிலோவுக்கு 15 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. ஆனால் அது எத்தனை மி.லி. என்பது பாட்டிலைப் பொறுத்தது. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி., 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் ஏறக்குறைய 6 மி.லி., 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. போன தடவை வாங்கிய பாட்டில் வேறு, இந்தத் தடவை வேறு என்றால் டாக்டர் எழுதிய மி.லி. மாறும். மருந்துக்கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று மாற்றிக் கொடுக்கும்போது மி.கி.யைப் படித்துப் பாருங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் இபுபுரூஃபனும் கூடாது.

ஈரத்துணி போடுவதென்றால் வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் வேண்டாம், பச்சைத்தண்ணீரை மொண்டு ஊற்றவும் வேண்டாம். நடுக்கம் வந்தால் உடம்பு இன்னும் சூடேறும். துடைத்த கையோடு தோல் வெப்பத்தைப் பார்த்துவிட்டு "இறங்கிடுச்சு" என்று முடிவு செய்யவும் வேண்டாம்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். தெர்மாமீட்டரைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்துக் கொடுப்பது, பல்லிடுக்கில் ஸ்பூன் வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நோட்டும் டப்பாவும்

தெர்மாமீட்டர் டப்பாவோடு ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. ஒரு வரியில் நேரம், எங்கே வைத்துப் பார்த்தது, எண், கொடுத்த மருந்து, மி.லி. இப்படி: "செவ்வாய் இரவு 9.10, இடது அக்குள், 101.8, சிரப் 3 மி.லி." இதனால் கிடைக்கும் இன்னொரு லாபம், நீங்கள் கொடுத்துவிட்டுத் தூங்கிய பிறகு உங்கள் கணவர் எழுந்து இன்னொரு வேளை கொடுக்காமல் இருப்பது. எங்கள் வீட்டில் ஒரு தடவை அந்த அளவுக்குப் போய், பாட்டில் மூடியைத் திறந்த கையோடு பிடித்தேன். இரவெல்லாம் மணிக்கொரு தரம் அளக்க வேண்டாம். நாலு மணிக்கு ஒரு தடவை போதும், பிள்ளை நிம்மதியாகத் தூங்கினால் எழுப்பவே வேண்டாம். மூன்று மாதத்துக்குக் கீழே என்றால் டாக்டர் சொன்னபடி.

பயன்படுத்தியதும் நுனியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அல்லது பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவைத்து மூடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அதோடு சரி. துப்பாக்கியின் கண்ணாடியைப் பஞ்சுக்குச்சியால் மட்டும் துடையுங்கள். ஜன்னல் திட்டு, டிவி மேல், வெயிலில் நிறுத்திய கார் எதுவும் தெர்மாமீட்டருக்கு இடமல்ல. ஆசனவாய்க்கு என்று ஒன்று வைத்திருந்தால் அதில் பெரிதாக எழுதி ஒட்டி, தனியாக வையுங்கள்.

பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டால் முதலில் குழந்தையை அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பம், வாக்யூம் கிளீனர் இரண்டும் தொடக்கூடாது. துடைத்தால் உருண்டைகள் சிதறி இன்னும் சின்னதாகும், ஆவியாவதும் கூடும். கையுறை போட்டு, கெட்டி அட்டை இரண்டால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மூடி போட்ட பாட்டிலில் விடுங்கள். மிச்சமிருக்கும் பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து அதே பாட்டிலில் போடுங்கள். வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், வீட்டுக் குப்பையோடு கலக்காதீர்கள். அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். பிள்ளை உருண்டையை விழுங்கியிருந்தால் பாதரசத்தைவிட உடைந்த கண்ணாடிதான் முதல் கவலை, வாயைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

டிஜிட்டல் குச்சியிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது, அதன் பட்டன் பேட்டரி. எண் மங்கத் தொடங்கினால் பேட்டரி போகிறது என்று அர்த்தம், அந்த நிலையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். மாற்றும்போது பழையதைத் தரையில் வைக்காதீர்கள், டேப் சுற்றி உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். தெர்மாமீட்டரின் பின்மூடி திறந்து, பேட்டரி காணவில்லை, பிள்ளை பக்கத்தில் இருந்தது என்றால் விழுங்கியதைப் பார்க்காவிட்டாலும் எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.